எண்ணூற்று ஐம்பது

முகமும் வேண்டும், மலையும் வேண்டும் என்றாள் ரோஸ்மெரி.
போன மாதம் ஒருவர் எடுத்த படத்தில்
இயிமானி பளிச்சென்று நிற்கிறது,
முன்னால் வெள்ளை நர்ஸ் உடுப்பு நிற்கிறது,
உடுப்புக்கு மேலே
தோசைக்கல்லின் அடிப்பக்கம் போல ஏதோ ஒன்று.
இன்னொருவர் முகத்தைக் கொடுத்தார்.
மலை சுண்ணாம்புத் தண்ணீராகிவிட்டது.

என்னிடம் இருந்தது எண்ணூற்று ஐம்பது பொலிவியானோ.
ஆறு ஞானஸ்நானம், ஒரு நிச்சயதார்த்தம்,
காணாமல்போன ஒரு நாயின் சுவரொட்டி,
எல்லாம் சேர்த்து.

வியாழக்கிழமை, எல் ஆல்தோ சந்தை.
கழற்றிய கார்க் கதவுகளுக்கும்
யாருடையதோ பல்செட்டுகளுக்கும் நடுவே
ஃபாகுந்தோ விரித்திருந்த நீலத் தார்ப்பாயில்
விளக்குகள் அணைந்து படுத்திருந்தன.

பெரியதைத்தான் முதலில் எடுத்தார்.
அறுநூறு வாட். தனி பேட்டரி.
உச்சிவெயிலே ஒதுங்கி வழிவிடுமாம்.
தூக்கிப் பார்த்தேன்.
மினிபஸ்காரன் இதற்கும் ஒரு டிக்கெட் கேட்பான் என்றேன்.
விலையை அவர் அதற்குப் பிறகுதான் சொன்னார்,
நான் கீழே வைத்துவிட்டேன்.

அடுத்தது எல்இடி பலகை. கனமே இல்லை.
நடுப்பகலில் அதைப் போட்டுவிட்டு
எரிகிறதா என்று
உள்ளங்கையைக் குவித்து எட்டிப் பார்த்தோம், இருவரும்.

மூன்றாவது, கழுத்தில் பிளாஸ்திரி சுற்றிய
பழைய ஃபிளாஷ்.
தானாக எதுவும் செய்யாது.
முழுசு, அரை, கால், அரைக்கால், வீசம் என்று
வெளிச்சத்தைக் கையால் திருகி
நாமே அளந்து ஊற்ற வேண்டும்.
எனக்கு அது பிடித்தது.
பிடித்ததை முகத்தில் காட்டாமல்
நாநூற்று ஐம்பதுக்கு இறக்கினேன்.

யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலையக்கூடாது:
டிரிகர் ஜோடி நூற்று எழுபது.
ஸ்டாண்ட் எண்பது, ஒரு கால் கோணல்.
எட்டு பேட்டரியும் சார்ஜரும் நூற்று இருபது.
வெள்ளைக் குடை இருபத்தைந்து.
மிச்சம் ஐந்து.
மூன்றுக்கு அவித்த சோளம், இரண்டுக்கு மினிபஸ்.

குடை மொத்தம் இரண்டு நிமிடம் உழைத்தது.
நாலாயிரம் மீட்டர் உயரத்துக் காற்று
அதைப் பின்பக்கமாக மலர்த்தி
ஸ்டாண்டிலிருந்து பிடுங்கி
கேபிள்கார்களுக்குக் கீழே, பள்ளத்தில்,
யார் வீட்டுக் கூரைக்கோ அனுப்பிவைத்தது.
இருபத்தைந்து, என்று கத்தினேன்,
காற்று திருப்பித் தரும் என்பது போல.

ரோஸ்மெரியின் தங்கை மகாலி சிரித்தாள்.
பிறகு ரொட்டிக்கூடையை மூடியிருந்த துணியை உதறி
ஃபிளாஷின் முகத்தில் கட்டினாள்.
ஸ்டாண்டை மடக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.
வலது பக்கம். இன்னும் மேலே. அங்கேயே.

எங்கள் மேல் வெயில் போய்விட்டது.
மலைமேல் மட்டும் இருந்தது.
மலைக்குச் சரியாகக் கேமராவை வைத்தேன்,
ரோஸ்மெரி இப்போதைக்கு இருட்டாகவே இருக்கட்டும்.
ஃபிளாஷ் வீசத்தில்: போதவில்லை.
கால்: துணி பாதியைக் குடித்துவிடுகிறது.
முழுசு.

முழுசில் அடித்தால்
அடுத்த அடிக்கு எட்டு நொடி ஆகும் கிழத்துக்கு.
குளிரில் பன்னிரண்டு.
மாற்று பேட்டரிகளை அக்குளில் வைத்திருந்தேன்,
காய்ச்சல் பார்ப்பவள் மாதிரி இருக்கிறாய் என்றாள் ரோஸ்மெரி.

எட்டு நொடி யாராலும் புன்னகையைப் பிடித்துவைக்க முடியாது.
மூன்றில் உதடு தளர்ந்தது.
ஐந்தில் தங்கையைத் திட்டினாள்,
கை வலிக்கிறதென்றால் மாற்றிப் பிடியேன், கழுதை.
ஏழில் அவளுக்கு என்னவோ நினைவு வந்தது,
எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை,
சிவப்புப் புள்ளி எரிந்தது,
அழுத்தினேன்.

மலை ரோஜா நிறத்தில்.
உடுப்பில் தையல்கூடத் தெரிகிறது.
முகம் இருக்கிறது,
சிரிக்காத, ஆனால் சிரிப்புக்கு ரொம்பப் பக்கத்தில் உள்ள முகம்.
அதற்குப் பிறகு எடுத்த பதினொன்றும்
நன்றாகச் சிரித்தவை. பரவாயில்லை ரகம்.

படத்தைக் கேமராவின் பின்னால் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்துவிட்டு
மலை இவ்வளவு சின்னதா என்றாள்.

குடைக்காசை அவளிடம் கேட்கலாமா என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.